லஸ் முனையிலிருந்து ரயில் கதவு வரை: திருமயிலை பறக்கும் ரயில் நிலையம், ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஒரு ரயில் நிலையத்துக்கு இதைவிட நல்ல இடம் அமைவது அரிது. மயிலாப்பூரின் கடைத்தெருச் சந்திப்பான லஸ் முனை கூப்பிடு தூரம். கபாலீசுவரர் கோயிலும் மாட வீதிகளும் நடந்து போகிற தூரம். சுற்றிலும் பள்ளிகள், மருத்துவமனைகள், நகைக்கடைகள், புத்தகக் கடைகள், நூறு வருடப் பழக்கமுள்ள கடைத்தெரு. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ரயில் போகிற வழியில் சாலைச் சிக்னலும் கிடையாது, மாநாட்டு ஊர்வலமும் கிடையாது. ஆனாலும் லஸ்ஸில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நிற்கிற கூட்டத்தில் பெரும்பகுதி, தலைக்கு மேலே ரயில் ஓடுவதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

ரயிலில் பெரிய குறை இல்லை. குறை முழுக்கத் தெருவோரத்துக்கும் பெட்டிக் கதவுக்கும் நடுவே இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் அது இருநூறு மீட்டருக்குள்தான் வரும். அந்த இருநூறு மீட்டர் ஏன் இவ்வளவு கனக்கிறது, அதில் எதைச் சரிசெய்ய முடியும் என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது. திருமயிலை நடுநாயகம், தேவைப்படும்போது அதே தடத்தின் மற்ற நிலையங்களும் வரும்.

கால்வாய் கொடுத்த நிலம்

பறக்கும் ரயில் என்று பெயர் பெற்ற இந்த உயர்மட்ட ரயில் தடத்தின் வேலை 1991இல் தொடங்கியது. கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பரில் வண்டி ஓடியது. 1997 அக்டோபரில் திருமயிலை வரை நீண்டது. அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு மேல் திருமயிலைதான் கடைசி நிலையம். 2004 ஜனவரி 26 அன்று திருவான்மியூருக்கும், 2007 நவம்பரில் வேளச்சேரிக்கும் வழி திறந்தது. இன்று கடற்கரை முதல் வேளச்சேரி வரை சுமார் 19 கிலோமீட்டர், 18 நிலையங்கள். நடுவே விட்டுப்போயிருந்த முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் 2014 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. கோட்டை, பூங்கா நகர் தாண்டும் வரை வண்டி தரையில் ஓடுகிறது. அதற்குப் பிறகு மேலேறிவிடுகிறது.

மேலேறியதும் அது பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயைப் பற்றிக்கொண்டே தெற்கே போகிறது. அந்தக் கால்வாயின் முதல் பகுதி 1806இல் வெட்டப்பட்டது. 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டப்பட்டு, அன்றைய ஆளுநர் பெயரைப் பெற்றது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் படகில் வந்த வழி அது. படகுகள் நின்றுபோன பின் நகரத்தின் நடுவே நெடுக ஒரே அரசு நிலமாகக் கிடந்தது. வீடுகளை இடிக்க வேண்டாம், இழப்பீட்டு வழக்கு வேண்டாம் என்று தூண்களைக் கால்வாயிலேயே இறக்கினார்கள்.

அந்த முடிவை இன்று எளிதாகக் குறை சொல்லிவிடலாம். கால்வாய்த் தடம் முடிந்த பிறகு நடந்ததைப் பார்த்தால் அன்றைய பொறியாளர்களின் கவலை புரியும். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை சுமார் 5 கிலோமீட்டர் நீட்டிப்பு 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கம் பகுதியில் ஏறக்குறைய 500 மீட்டர் நிலத்துக்காக அது பத்தாண்டுக்கும் மேல் நின்றது. நிலம் கிடைக்காவிட்டால் ரயிலே கிடையாது என்பது உண்மை.

ஆனால் கால்வாய் நிலத்தை இலவசமாகக் கொடுத்ததற்கு இரண்டு விலை வாங்கிக்கொண்டது. ஒன்று, தண்ணீர். தூண்கள் நீரோட்டத்தின் அகலத்தைக் குறைத்தன. தூணடியில் வண்டலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் அந்த இடம் திட்டாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் வடிய வேண்டிய தண்ணீர் பின்வாங்கித் தெருவுக்கு வரும். தூர் வாரும் இயந்திரத்துக்கும் மேலே பாலம், பக்கத்தில் தூண் என்று கையை நீட்ட இடமில்லை. வாரிய வண்டலைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேதான் போகும்.

இரண்டாவது விலை பயணிகள் கொடுப்பது. சென்னையில் கால்வாய்க் கரை என்பது ஊரின் பின்புறம். வீடுகளும் கடைகளும் அதற்கு முதுகைக் காட்டித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. தடம் கால்வாயில் போனதால் நிலையங்களின் வாசலும் ஊரின் பின்பக்கமே விழுந்தது. 2015 ஜூன் மாதம் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோவோடு ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணில் படும். வடபழனியிலோ அரும்பாக்கத்திலோ பாதை சாலையின் மேலேயே போகிறது. நிலையத்தின் கால்கள் சாலையின் இரண்டு நடைபாதைகளிலும் இறங்குகின்றன. சாலையைக் கடக்க நினைப்பவரே நிலையத்தின் வழியாகப் போகலாம். பறக்கும் ரயிலுக்குப் போக, சாலையை விட்டுத் திரும்பி ஒரு சந்துக்குள் நுழைய வேண்டும்.

அந்த வகையில் திருமயிலைக்கு நல்ல யோகம். கால்வாய் இங்கே லஸ்ஸை ஒட்டியே வருகிறது. எனவே இங்கே வாசல் தூரத்தைக் குறை சொல்ல முடியாது. மிச்சமிருப்பது கட்டடம்.

கட்டடம் ஏன் இவ்வளவு பெரிது

முதல் தடவை பார்ப்பவர் இதை ரயில் நிலையம் என்று நினைக்க மாட்டார். கட்டி முடிக்காத வணிக வளாகம் என்றுதான் நினைப்பார். உயரமான கூரை, அகலமான தளங்கள், மாடிக்கு மாடி காலி இடம். இந்தத் தடத்தின் பல நிலையங்களுக்கும் இதே உருவம்தான். அதற்கு ஒரு கணக்கு இருந்தது. டிக்கெட் வருமானத்தில் மட்டும் நகர ரயில் பிழைக்காது. நிலையத்தின் தளங்களைக் கடைக்கும் அலுவலகத்துக்கும் வாடகைக்கு விட்டால் இழப்பு ஈடாகும் என்பது அந்தக் கணக்கு. உலகில் இது பலித்த இடங்கள் உண்டு.

இங்கே பலிக்காததற்குக் காரணம் ஆள் பற்றாக்குறை என்று சொல்லிவிடுவது வழக்கம். வேறு நிலையங்களுக்கு அது பொருந்தலாம். லஸ்ஸில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. லஸ்ஸில் வாங்குகிறவர் தெருவில் வாங்குகிறார். பூக்கடை, பழவண்டி, பாத்திரக் கடை எல்லாமே நடைபாதை மட்டத்தில் இருக்கின்றன. கண்ணெதிரே எல்லாம் கிடைக்கும்போது ஒருவரை ஒரு மாடி ஏற வைக்க, அந்தக் கடை அவர் போகிற வழியிலேயே இருக்க வேண்டும். நிலையத்தில் பயணி நடக்கும் வழி ஒரு மூலையில் ஓடுகிறது; வாடகைக்கு விட வேண்டிய தளம் வேறொரு பக்கம் விரிந்து கிடக்கிறது. அந்தத் தளத்தைக் கடக்காமலே நடைமேடைக்குப் போய்விட முடிகிறது என்றால் அங்கே கடை வைப்பவர் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்.

காலித் தளம் வெறும் வருமான இழப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. அதைப் பெருக்க வேண்டும், விளக்கேற்ற வேண்டும், காவல் வைக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாதபோது ஷட்டரை இறக்குவார்கள், தகரத்தை வைத்து அடைப்பார்கள். அடைப்பதால் வழி குறுகும், மூலைகள் கூடும், மறுபக்க வாசல் மூடப்படும். பயணிக்குத் தெரிகிற நிலையம் மெல்ல மெல்லச் சுருங்கி, ஒரு வாசலும் ஒரு படிக்கட்டும் என்றாகிவிடுகிறது. வெளியே பார்த்தால் மட்டும் அதே பெரிய கட்டடம்.

படிகளின் கணக்கு

தெருவிலிருந்து நடைமேடை 12 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளிகளுக்கான இந்திய வழிகாட்டு நெறிகள் ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது, கால் வைக்கும் ஆழம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. அந்தக் கணக்கில் 12 மீட்டருக்கு 80 படிகள். நடுத்தர வயதில் நல்ல உடம்புள்ளவருக்கு இது ஒன்றரை நிமிட வேலை. முழங்கால் வலியோடு, கையில் காய்கறிப் பையோடு வருகிற அறுபத்தைந்து வயதுக்காரருக்கு நான்கு நிமிடம் ஆகும். நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும். சாய்தளம் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்ட சரிவு 12க்கு 1. 12 மீட்டர் ஏற 144 மீட்டர் சாய்தளம் வேண்டும். இடையிடையே நின்று இளைப்பாறும் சமதளங்கள் தனி. ஆகவே மேல்மாடி நிலையத்தில் சாய்தளம் தரையிலிருந்து லிஃப்ட் வாசல் வரைக்கும்தான் உதவும்.

இரண்டு நிமிடம் கூடுதலாக ஏறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். வண்டிகளின் இடைவெளியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் தடத்தில் இரண்டு நிமிடம் தாமதித்தால் அடுத்த வண்டி மூன்று நிமிடத்தில் வந்துவிடும். 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால், படியில் போன அந்த இரண்டு நிமிடம் 20 நிமிடத்தைத் தின்றுவிடும். திருமயிலையிலிருந்து திருவான்மியூர் ஆறாவது நிலையம். அவ்வளவு சிறிய பயணத்தில் வண்டியைத் தவறவிட்டால் ரயிலின் வேகம் கொடுத்த லாபம் முழுக்கப் போய்விடும். வண்டி குறையக் குறையப் படிக்கட்டின் விலை ஏறுகிறது. திட்ட அறிக்கைகள் இந்த இரண்டையும் தனித்தனி அத்தியாயத்தில் வைப்பதால் இந்த உறவு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இன்னொரு சின்ன விஷயம். இந்தத் தடத்தின் நிலையங்களில் பெரும்பாலும் தண்டவாளம் நடுவிலும் நடைமேடை இரு ஓரங்களிலும் இருக்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பயணி கீழேயே முடிவு செய்தாக வேண்டும். தப்பாக ஏறிவிட்டால் இறங்கி மறுபடி ஏற வேண்டும்; 80 படி 240 படியாகிவிடும். கடற்கரைப் பக்கம், வேளச்சேரிப் பக்கம் என்று இரண்டு பெரிய பலகையும், அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் என்று காட்டும் திரையும் டிக்கெட் கவுன்டருக்கு முன்பே, தெரு மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே நடைமேடையில் மட்டும் திரை வைப்பது ஏறி முடித்தவருக்குச் சொல்லும் சேதி. கீழே வைத்தால் ஓடி ஏறலாமா, டீ குடித்துவிட்டு ஏறலாமா என்று அவரே தீர்மானிப்பார். செலவு குறைவு, பலன் அதிகம் என்று வரிசைப்படுத்தினால் இதுதான் முதலில் வரும்.

எஸ்கலேட்டர்: ஏன் நிற்கிறது

மேல்மாடி நிலையத்தில் மக்கள் முதலில் கேட்பது இதைத்தான். முதலில் கெட்டுப்போவதும் இதுதான். வழக்கமான எஸ்கலேட்டர் 30 பாகை சாய்வில், வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அப்படியென்றால் வினாடிக்குக் கால் மீட்டர் உயரும். 6 மீட்டர் உயரத்துக்கு 24 வினாடி. மேலும் கீழும் சமமாக ஓடும் பகுதியைச் சேர்த்தால் அரை நிமிடம். நல்ல உடம்புள்ளவர் படியில் ஏறினாலும் முக்கால் நிமிடம்தான். எஸ்கலேட்டர் நேரத்தை மிச்சப்படுத்தப் பிறந்தது அல்ல. ஏற முடியாதவரை ஏற்றிவிடப் பிறந்தது. அதனால்தான் அது நின்றுபோனால் ஒரு சாரார் மட்டும் ரயிலை விட்டே விலகிவிடுகிறார்கள்.

எஸ்கலேட்டர் நின்றாலும் படிக்கட்டாகப் பயன்படும் என்பது பாதி உண்மைதான். நின்ற எஸ்கலேட்டரின் ஒரு படி சுமார் 20 சென்டிமீட்டர் உயரம். சாதாரணப் படியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதைவிட மோசம், அந்த உயரம் ஒரே சீராக இல்லாதது. கீழே முதல் இரண்டு மூன்று படிகள் தரையோடு தரையாகத் தொடங்கி, ஒவ்வொன்றாக உயர்ந்து, பிறகுதான் முழு உயரத்துக்கு வரும். உச்சியில் மறுபடி குறைந்துகொண்டே போகும். கால் ஒரு உயரத்துக்குப் பழகியபின் அடுத்த படி வேறு உயரத்தில் இருந்தால் விரல்நுனி இடறும். இறங்குபவர் விழுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிகளில்தான்.

நிற்பதற்கான காரணங்கள் பல நேரம் அற்பமானவை. படிகள் தரைக்குள் நுழைகிற இடத்தில் சீப்புப் போன்ற பல்தகடு ஒன்று இருக்கும். படியின் மேலுள்ள வரிவரியான பள்ளங்களுக்குள் அதன் பற்கள் ஓடும். செருப்பின் நுனி, சேலை முந்தானை, தண்ணீர் பாட்டில் மூடி, ஒரு ரூபாய் நாணயம், எது சிக்கினாலும் தகடு சற்றே பின்னுக்குத் தள்ளப்படும். உடனே அதன் பின்னாலுள்ள சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கைப்பிடி உள்ளே நுழையும் வாயிலும் அப்படி ஒரு சுவிட்ச் உண்டு. குழந்தையின் விரல் போகாதிருக்க வைத்தது. யாரோ திணித்த காகிதக் குவளையும் அதை அழுத்தும். மேலும் கீழும் உள்ள சிவப்புப் பொத்தானை விளையாட்டாக அழுத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மூன்றிலும் இயந்திரத்துக்கு ஒரு கேடும் இல்லை. அது செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. சிக்கியதை எடுத்து, பற்கள் உடைந்திருக்கிறதா என்று பார்த்து, படியில் யாரும் இல்லை என்று உறுதிசெய்து, சாவி போட்டுத் திருப்பினால் ஓடும். ஐந்து நிமிட வேலை.

அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிக்கெட் கொடுப்பவர் வாணிபப் பிரிவு. எஸ்கலேட்டர் மின்பிரிவின் பொறுப்பு. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வேறெங்கோ இருப்பார். நிலையத்தில் இருக்கும் ஒருவருக்குப் பயிற்சியும் சாவியும் கொடுக்காவிட்டால், பாட்டில் மூடி சிக்கிய எஸ்கலேட்டர் நாள் முழுக்க நிற்கும். சரியாகப் பராமரிக்கும் நிலையங்களில் ஒவ்வொரு ஷிப்டிலும் சாவி வைத்திருப்பவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். எத்தனை முறை நின்றது, ஏன் நின்றது, எத்தனை நிமிடத்தில் ஓடியது என்று ஒரு நோட்டும் இருக்கும். ஒரே சுவிட்ச் வாரத்தில் நான்கு முறை விழுந்தால் அது பயணியின் தவறல்ல. தகடு நகர்ந்திருக்கிறது அல்லது படிச் சங்கிலி நீண்டிருக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உண்மையான பழுதுகள் வேறு. அதில் முதன்மையானது தண்ணீர். எஸ்கலேட்டரின் அடிவாரத்தில் ஒரு குழி இருக்கும். படிகள் திரும்புவது அங்கேதான். சென்னையின் அக்டோபர்–டிசம்பர் மழை நேராகப் பெய்வதில்லை, காற்றோடு சாய்ந்து பெய்யும். திறந்த பக்கச் சுவர்கள் வழியாகச் சாரல் உள்ளே வரும். தளங்களின் இணைப்பு இடைவெளியில் போட்ட அடைப்பு வெயிலில் வெடித்திருந்தால் மேல்தளத்து நீரும் சொட்டும். எல்லாம் கடைசியில் அந்தக் குழியில் சேரும். குழியில் வடிகாலோ தானாக ஓடும் சிறு பம்போ இல்லையென்றால் சங்கிலியும் உருளைகளும் நீரில் ஊறும். திருமயிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் கடல் பக்கம். உப்புக்காற்று படிந்த எண்ணெயில் தண்ணீரும் சேர்ந்தால் துரு பிடிக்க ஒரு மழைக்காலமே போதும்.

இதோடு வாங்கும்போதே செய்யப்படும் ஒரு தவறு சேர்ந்துகொள்கிறது. எஸ்கலேட்டரில் கடைகளுக்கானது, பொதுப் போக்குவரத்துக்கானது என்று இரண்டு வகை. கடை எஸ்கலேட்டர் குளிரூட்டிய கட்டடத்தில், நாளில் பாதி நேரம், சீரான கூட்டத்துக்கு ஓடுவது. போக்குவரத்து எஸ்கலேட்டர் நாளுக்கு 20 மணி நேரம், வாரம் ஏழு நாளும், வண்டி வரும்போது மொத்தமாகக் கவிழும் கூட்டத்துக்காகச் செய்யப்படுவது. அதன் சட்டகம் துத்தநாகப் பூச்சுப் பெற்றிருக்கும், மோட்டாருக்கு நீர் புகாத உறை இருக்கும், உருளைகள் தடித்திருக்கும். விலை கூடுதல்தான். பக்கச் சுவரில்லாத மேல்மாடி நிலையத்தில் கடை வகையைப் பொருத்தினால், மிச்சம் பிடித்த பணம் சில ஆண்டுகளில் உதிரிபாகச் செலவாகத் திரும்பிவிடும்.

லிஃப்ட்டுக்கும் இவற்றில் பாதி பொருந்தும். ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலிக்காரருக்குத் தேவை லிஃப்ட் அல்ல, இரண்டு லிஃப்ட். இரு ஓரங்களிலும் நடைமேடை இருப்பதால் ஒரு பக்க லிஃப்ட் மட்டும் ஓடினால் அவர் போக முடியும், திரும்ப முடியாது. ஆகவே ஒன்று பழுதானால் அந்தத் தகவல் மற்ற எல்லா நிலையங்களிலும், அவர் வண்டி ஏறும் முன்பே, தெரிய வேண்டும்.

மேடைக்கும் பெட்டிக்கும் நடுவே

80 படி ஏறி வந்தவருக்கு இன்னும் ஒரு படி பாக்கி. ரயில்வேயின் அளவு விதிப்படி உயர் நடைமேடை தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர். புறநகர் மின்சார ரயில் பெட்டியின் தளமோ சுமார் 1.2 மீட்டர் உயரம். வித்தியாசம் 35 சென்டிமீட்டருக்கு மேல். கட்டடத்திலுள்ள எந்தப் படியையும்விட இது இரு மடங்கு. வண்டி நிற்பதோ அரை நிமிடம். மும்பையில் ஒரு மாணவி இந்த இடைவெளியில் விழுந்து கைகளை இழந்த பிறகு, 2014 முதல் நடைமேடைகளை 900 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். மேல்மாடி நிலையத்தில் அதே வேலை சற்றுச் சிக்கலானது. கூடுதல் கான்கிரீட்டின் எடையைத் தளம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மேடை உயர்ந்தால் படிக்கட்டின் தலையும் லிஃப்ட் கதவும் அதற்கேற்ப மாற வேண்டும். முழு நீளமும் உயர்த்த முடியாத இடத்தில், மாற்றுத்திறனாளிகள் பெட்டியும் மகளிர் பெட்டியும் நிற்கும் பகுதியை மட்டும் சாய்வாக உயர்த்தலாம். அதற்கு வண்டி தினமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஓட்டுநருக்கான நிறுத்தக் குறிப்பலகை அதைப் பார்த்துக்கொள்ளும்.

கூட்டமும் வெறுமையும்

அறுபத்து மூவர் அன்று, கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், இதே நிலையம் தலைகீழாக மாறிவிடும். படிக்கட்டின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 55 பேர் போகலாம் என்பது வடிவமைப்பாளர்கள் கொள்ளும் கணக்கு. 2.4 மீட்டர் அகலப் படிக்கட்டு ஒன்றில் நிமிடத்துக்கு 132 பேர். ஒரு வண்டியிலிருந்து 800 பேர் இறங்கினால், இரண்டு படிக்கட்டும் திறந்திருக்கையில் மூன்று நிமிடத்தில் மேடை காலியாகும். நான்கு நிமிடத்துக்குள் காலியாக வேண்டும் என்பது உலகளவில் பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு அளவுகோல். ஒரு படிக்கட்டின் ஷட்டர் இறங்கியிருந்தால் ஆறு நிமிடம். எதிரே ஏறுகிறவர்களும் அதே படியில் வந்தால் கணக்கு போடுவதில் பொருளில்லை, நெரிசல்தான்.

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் முடிந்ததும் வரும் கூட்டம் இதற்கு நேர்மாறு. அது இறங்கும் கூட்டமல்ல, ஏறும் கூட்டம். இந்தக் கூட்டத்தை நடைமேடையில் வைத்துக் கட்டுப்படுத்த முடியாது. வண்டி வரும்போது விளிம்பில் ஆயிரம் பேர் நிற்பதே ஆபத்து. தெருவில், வாசலுக்கு வெளியே, தடுப்பு போட்டு ஒரு வண்டிக்கு எத்தனை பேரோ அத்தனை பேரை மட்டும் மேலே விட வேண்டும். அதற்கு மேலே ஒருவர், கீழே ஒருவர், இருவரிடமும் வாக்கி-டாக்கி. திரும்பும் டிக்கெட்டை வரும்போதே வாங்கிக்கொள்ளச் சொன்னால் கவுன்டர் வரிசை பாதியாகும்.

மற்ற நாட்களில், குறிப்பாக இரவு எட்டு மணிக்கு மேல், பிரச்சினை வெறுமைதான். பெரிய கட்டடத்தில் பத்துப் பேர் இருந்தால் ஒவ்வொருவரும் தனியாக இருப்பார்கள். 2016இல் நுங்கம்பாக்கம் நிலையத்தில் நடந்த கொலைக்குப் பிறகு நிலையங்களில் கேமரா இல்லாதது பெரிய கேள்வியானது. கேமரா அவசியம், ஆனால் நடந்தபின்தான் அது சாட்சி சொல்லும். பெண்கள் ஒரு நிலையத்தைத் தவிர்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்வது அதற்கு முன்பே, படிக்கட்டின் திருப்பத்தில். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத இடம் எல்லாமே அவர்களுக்குக் கேள்விக்குறி. விளக்கின் மொத்த வெளிச்சத்தைவிட அதன் சீர் முக்கியம். பளீரென்ற ஒரு விளக்கும் அடுத்து இருபது மீட்டர் இருட்டும் இருந்தால் கண் இருட்டுக்குப் பழகவே பழகாது. உயரக் கூரையில் மாட்டிய விளக்கு அணைந்தால் மாற்றச் சாரம் கட்ட வேண்டும். அதனால்தான் மாதக்கணக்கில் அணைந்தே கிடக்கும். கைக்கெட்டும் ஏணி உயரத்தில், சுவரோரமாக விளக்கு வரிசையைக் கொண்டுவந்தால் நிலைய ஊழியரே மாற்றிவிடுவார். கடைசி வண்டி நேரங்களில் காத்திருப்போரை மேடையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில், காவலர் நிற்கும் இடத்துக்கு எதிரே, சேர்ந்து நிற்கச் செய்யலாம். அந்தப் பகுதிக்கு நேராகவே மகளிர் பெட்டி நிற்க வேண்டும்.

மெட்ரோ வரும்போது

திருமயிலையின் அடியில் இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்ட வழித்தடங்கள் இரண்டு, 3ஆவதும் 4ஆவதும், சந்திக்கும் நிலத்தடி நிலையம் உருவாகி வருகிறது. பறக்கும் ரயிலையே மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சும் பல ஆண்டாக நடக்கிறது. அப்படி ஒப்படைத்தாலும் வண்டிகள் ஒன்றாகிவிடாது. பறக்கும் ரயில் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. மெட்ரோ 1435 மில்லிமீட்டர். ஒன்றாகக்கூடியது டிக்கெட், அறிவிப்பு, பராமரிப்பு, முக்கியமாக நடைவழி.

அந்த நடைவழியை இப்போதே தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். பூமிக்கு அடியில் பல மாடி ஆழத்திலிருந்து ஒருவர் மேலே வந்து, தெருவைத் தொட்டு, மறுபடி பல மாடி உயரம் ஏற வேண்டும். நிலத்தடி நிலையத்திலிருந்து பறக்கும் ரயில் நடைமேடைக்கு, இரு பக்கத்துக்கும், தெருவில் காத்திருக்காமல் நேரே போகும் லிஃப்ட் இருந்தால் இது வண்டி மாறும் நிலையம். இல்லையென்றால் பெயர் மட்டும் ஒன்றாயிருக்கும் இரண்டு நிலையங்கள்.

இதை அளந்து பார்க்கப் பெரிய குழு தேவையில்லை. இருவர், ஒரு கைக்கடிகாரம், ஒரு நோட்டு. லஸ் பஸ் நிறுத்தத்திலிருந்து கிளம்பி வண்டிக் கதவு வரை எத்தனை நிமிடம், எத்தனை படி, எத்தனை திருப்பம். இளைஞர் ஒருமுறை, முதியவர் ஒருமுறை, சக்கர நாற்காலியில் ஒருமுறை. காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும். எரியாத விளக்கு, ஓடாத எஸ்கலேட்டர், பூட்டிய வாசல், பூட்டிய கழிப்பறை, நீர் சொட்டும் இடம் ஒவ்வொன்றையும் தூண் எண்ணோடு குறிக்க வேண்டும். நவம்பரில் நல்ல மழை நாளில் அதே சுற்றை மறுபடி. கோடையில் எடுத்த குறிப்பை வைத்துக்கொண்டு இந்த நிலையத்துக்குக் கூரை வேலை எழுதினால் பாதி ஒழுகல் கணக்கில் வராது.

செய்ய வேண்டிய வரிசையும் அந்த நோட்டிலிருந்தே வரும். கீழே திரை, ஷிப்டுக்கு ஒரு சாவி, ஏணி உயர விளக்கு, பூட்டிய இரண்டாவது வாசலைத் திறப்பது. இவை ஒரு மாத வேலை. எஸ்கலேட்டர் குழிகளுக்குப் பம்பும் இணைப்பு இடைவெளிகளுக்குப் புது அடைப்பும் அடுத்த மழைக்கு முன், அதாவது செப்டம்பருக்குள். நடைமேடை உயர்த்துவதும் மெட்ரோவோடு இணைக்கும் லிஃப்ட்டும் ஆண்டுக்கணக்கு. காலித் தளங்களைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் பயணி நடக்கும் வழி எது என்று முடிவாகியிருக்கும், கடை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்பவருக்கு அந்த வழியின் இரு ஓரங்களைக் காட்டிவிடலாம்.